பருப்பு வேகாத தண்ணீர்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் தண்ணீர் ஒன்றல்ல, இரண்டு. குடிக்கிற தண்ணி ஒன்று, புழங்குற தண்ணி இன்னொன்று. புழங்குற தண்ணி வீட்டுக்குப் பக்கத்துக் கைப்பம்பிலோ போர்க்குழாயிலோ கிடைத்துவிடும். பாத்திரம் கழுவ, துணி அலச, மீன் கழுவ அது போதும். குடிக்கிற தண்ணியோ குழாயில் வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து பிடிப்பது. லாரி வந்தால் குடத்தோடு ஓடிப் பிடிப்பது. இப்போது கேனாக விலை கொடுத்தும் வாங்குவது. அதில் ஒரு சொம்பு வீணானாலும் மனம் பொறுக்காது.

அப்படிச் சிக்கனமாகப் புழங்கும் வீட்டிலும், துவரம் பருப்புக்கு உலை வைக்கிறபோது கை தானாகக் குடிக்கிற தண்ணிக் குடத்தைத்தான் சாய்க்கும். மீன் குழம்புக்கு வேறு தண்ணீரைக் கலந்து சமாளிக்கலாம். பருப்பிடம் அந்தச் சமாளிப்பு நடக்காது. ஏன் என்று கேட்டால் கடற்கரையில் எந்த வீட்டுப் பெண்ணும் ஒரே வரியில் பதில் சொல்வார்: "உப்புத் தண்ணியில பருப்பு வேகாது."

"உன் பருப்பு என்கிட்ட வேகாது" என்று நாம் பேச்சில் சொல்கிறோம். தண்ணீர் ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு எரித்தாலும் பருப்பு மசியாது என்பதைக் கண்ணால் கண்ட சமூகத்துக்கு இந்தப் பேச்சு விளக்கமில்லாமலே புரியும். அந்தப் பெண்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் ‘உப்பு’ என்ற அந்தச் சொல்லுக்குள் வேறொன்று மறைந்திருக்கிறது. அதைத் தேடிப் பருப்புச் சட்டிக்குள்ளும், பிறகு ஏரிக்கு அடியிலுள்ள மணலுக்குள்ளும் போவோம்.

ஏரியும் அடுப்பும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குக் கிழக்கே. ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாதான் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல் திட்டு. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் ஏரியில் வந்து சேர்கின்றன. இத்தனை பரந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான்.

ஆழம் குறைந்த நீர் பருவத்துக்குத் தகுந்தபடி ஆளே மாறிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுவெள்ளம் இறங்கும்போது ஆற்று வாய்களின் பக்கம் ஏரி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். பங்குனி, சித்திரையில் ஆறுகள் வற்றும். கடலலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை மூடத் தொடங்கும். வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடுங்கோடையில் ஏரியின் சில பகுதிகள் அதையும் தாண்டிவிடும்.

இறால் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். வாசல் அடைந்தால் வரத்தும் அடையும். இங்குள்ள மீனவர்கள் இறால் பிடிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஒரு கூட்டத்தின் முறை என்றால் நாளை இன்னொரு கூட்டத்தின் முறை. பாடு இல்லாத நாள் எந்தக் காலத்திலும் உண்டு. பாடு வந்தும் வலை லேசாக ஏறும் நாட்கள் கோடையில் கூடும்.

அந்த நாட்களில் அடுப்பில் பருப்பு ஏறும். மாங்காய் மலியும் காலமும் அதுதான். கிளிமூக்கு மாங்காயைத் துண்டுபோட்டுப் பருப்போடு சேர்த்துக் கடைந்து, தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாட்டை வறுத்தால் ஒரு வேளைச் சோறு நிறைவாக இறங்கிவிடும். வடகரையின் தெலுங்கு வீடுகளில் இதே பண்டத்துக்கு மாமிடிகாய பப்பு என்று பெயர்.

ஆக மீன் குறைவதும், மாங்காய் காய்ப்பதும், நிலத்தடி நீர் கெட்டுப்போவதும் அதே இரண்டு மாதங்களில் வந்து கூடுகின்றன. பருப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் காலத்தில்தான் பருப்பை வேகவைக்கும் தண்ணீர் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

வெந்தும் மசியாத பருப்பு

துவரையின் தாய்வீடு இந்தியா. அதன் தோலை உரிப்பதே பெரும்பாடு. தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு பிசின் அடுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் துவரையை ஊறவைத்து, செம்மண் பூசி, வெயிலில் காயவைத்து, பிறகு திரிகையில் உடைப்பார்கள். ஊறும்போது உப்பி, காயும்போது சுருங்கி, தோல் தானாக விட்டுக்கொடுக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பருப்பு உடைக்கும் முறையை மேம்படுத்தப் பல ஆண்டுகள் உழைத்ததற்குக் காரணமும் இந்தப் பிசின்தான்.

தோல் போன பிறகும் பருப்புக்குள் இன்னொரு பசை மீதமிருக்கிறது. ஒரு துவரம் பருப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கல் அடுக்கியதைப் போல உயிரணுக்கள் நெருங்கி அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மாவுச்சத்து மணிகள். அவற்றைச் சுற்றிப் புரதம். செங்கல்லுக்குச் செங்கல் நடுவே இருக்கும் சாந்துதான் பெக்டின். கொய்யாப்பழ ஜெல்லியை உறையவைப்பதும் இதே பெக்டின்தான்.

பருப்பு வேகும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை செங்கல்லுக்கு உள்ளே: மாவுச்சத்து மணிகள் நீரைக் குடித்து உப்பி மென்மையாகின்றன. நீர் கொதிக்குமுன்பே இது பெரும்பாலும் தொடங்கிவிடும். இரண்டாவது வேலை செங்கல்லுக்கு வெளியே: சூட்டில் பெக்டின் சங்கிலிகள் துண்டுதுண்டாக உடைந்து நீரில் கரைய, உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. நாம் ‘மசிந்துவிட்டது’ என்பது இந்தப் பிரிவைத்தான். மத்தால் கடைந்த பருப்பிலும் ஏராளமான உயிரணுக்கள் முழுதாகவே இருக்கும். சாந்து மட்டும் கரைந்து போயிருக்கும். உள்ளே அடைபட்ட மாவுச்சத்து மெதுவாகவே செரிப்பதால்தான் பருப்பு சோற்றைப் போல இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதில்லை.

இப்போது கெட்ட தண்ணீரில் கொதித்த பருப்பை நினைத்துப் பாருங்கள். வாயில் போட்டால் பச்சை வாடை இல்லை, வெந்ததுபோலத்தான் தெரிகிறது. மத்தை வைத்தால் நழுவி ஓடுகிறது. பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கிறது. முதல் வேலை முடிந்திருக்கிறது. இரண்டாவது வேலை நடக்கவில்லை. எதுவோ சாந்தைக் கரையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு கைக்காரன்

பெக்டின் சங்கிலியில் நெடுக எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலக் கணுக்கள் இருக்கின்றன. நீரில் கரைந்துள்ள உலோக அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே அவை அந்தக் கணுக்களில் போய் ஒட்டும்.

சோடியத்துக்கு ஒரு மின்னூட்டம். அதாவது ஒரே கை. அது ஒரு கணுவைப் பிடித்தால் அதோடு சரி. கால்சியத்துக்கு இரண்டு கை. ஒரு கையால் இந்தச் சங்கிலியையும் மறு கையால் பக்கத்துச் சங்கிலியையும் பிடித்து இரண்டையும் இழுத்துக் கட்டிவிடும். 1973இல் பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர்கள் இந்தக் கட்டுக்கு ஒரு படம் கொடுத்தார்கள்: முட்டை வைக்கும் அட்டைப் பெட்டி. மடிந்த இரண்டு சங்கிலிகள் பெட்டியின் இரண்டு பக்கங்கள். குழிகளில் உட்கார்ந்திருக்கும் முட்டைகள் கால்சியம் அயனிகள். முட்டை கூடக் கூடப் பெட்டி இறுகும். மெக்னீசியத்துக்கும் இரண்டு கைதான் என்றாலும் அதன் பிடி இவ்வளவு உறுதியில்லை.

இந்தப் பிடியை வேண்டுமென்றே பயன்படுத்தும் சமையலும் உண்டு. ஆக்ராவின் பூசணி மிட்டாய்க்குப் பூசணித் துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு குழையாது. அங்கே சுண்ணாம்பின் கால்சியம் கூலிக்கு வேலை செய்கிறது. நம் பருப்புச் சட்டியில் அழைக்காமலே வந்து அதே வேலையைச் செய்கிறது.

துவைக்கும் கல்லிலும் அதே கால்சியம்தான். தண்ணீர் சரியில்லை என்பதற்குப் பெண்கள் இரண்டு அடையாளம் சொல்வார்கள்: பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பள்ளிப் பாடத்தில் இந்த நீருக்குக் கடினநீர் என்று பெயர். சோப்பு மூலக்கூறின் தலையிலும் பெக்டினில் இருப்பதைப் போன்றே ஓர் அமிலக் கணு இருக்கிறது. கால்சியம் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக் கட்டி வெள்ளைத் திரையாகப் படியவைத்துவிடும். ஒரே அயனி, ஒரே பிடி. அடுப்படியில் ஒரு சேதி, துவைகல்லில் ஒரு சேதி. ஆய்வுக்கூடம் இல்லாமலே இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவைத்தவர்கள் தண்ணீர் சுமந்த பெண்கள்.

உப்பு செய்த குற்றம் என்ன?

சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. சோடியத்துக்கு ஒரே கைதான் என்று பார்த்தோம். அப்படியென்றால் உப்பு எப்படிப் பருப்பைத் தடுக்கும்?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பொட்டலத்துத் துவரம் பருப்பை மூன்று பங்காகப் பிரியுங்கள். மூன்று ஒரே மாதிரிப் பாத்திரங்கள். ஒன்றில் கேன் தண்ணீர். இரண்டாவதில் அதே கேன் தண்ணீரோடு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. மூன்றாவதில் உவர்ப்பும் கடினமும் உள்ள போர்த் தண்ணீர். ஒரே அளவு தீ. இருபது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் நாலு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புப் பாத்திரம் முதல் பாத்திரத்தோடு ஏறக்குறைய சேர்ந்தே மசியும். பின்தங்குவது மூன்றாவதுதான்.

சொல்லப்போனால் சோடியம் நமக்குத் துணை நிற்கக்கூடியது. மொச்சை, கொண்டைக்கடலை போன்ற தோலுள்ள பயறுகளை உப்பு போட்ட நீரில் ஊறவைத்தால், சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தில் ஒரு பகுதியை இடம்பெயர்த்துவிடும். தோல் சீக்கிரம் மென்மையாகும்.

ஆக "உப்புத் தண்ணியில பருப்பு வேகாது" என்ற வாக்கியத்தில் உப்பு ஓர் அடையாளம். நாக்கு கால்சியத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது, கரிப்பைத்தான் சொல்லும். கடற்கரை மணலில் கரிப்பு வரும் இடத்துக்குக் கால்சியமும் கூடவே வருகிறது. அது எங்கிருந்து வருகிறது?

மணலுக்கு அடியில்

ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் சுமார் 10,800 மில்லிகிராம், மெக்னீசியம் சுமார் 1,290, கால்சியம் சுமார் 410. இவற்றைக் கடினத்தன்மைக் கணக்கில் மாற்றினால் லிட்டருக்கு 6,300 மில்லிகிராமுக்கு மேல் போகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 200. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. நூறு குடத்தில் மூன்று குடம் கடல்நீராக இருந்தாலே கடினத்தன்மை சுமார் 190 கூடிவிடும். பத்துக் குடம் கடல்நீரானால் 600ஐத் தாண்டிவிடும்.

ஆனால் கலப்பது மட்டும் முழுக் கதை இல்லை. கடல்நீரில் கால்சியத்தைவிட மெக்னீசியமே அதிகம். நிலத்தடியில் அந்தக் கணக்கு மாறுகிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் காலங்காலமாகக் கால்சியம் ஒட்டியிருக்கும். கடல்நீர் உள்ளே நுழையும்போது, அதிலுள்ள ஏராளமான சோடியம் களிமண்ணில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த கால்சியத்தை நீரில் தள்ளிவிடுகிறது. கடல்நீர் புகுந்த நிலத்தடி நீர்களில் கால்சியம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதை நீரியலாளர்கள் உலகெங்கும் காண்கிறார்கள். பழவேற்காட்டில் இன்னொன்றும் உண்டு. ஏரிப் படுகையில் பழங்காலச் சிப்பிகளின் படிவுகள் புதைந்து கிடக்கின்றன. சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட்; சுண்ணாம்பு காளவாய்க்குப் போகும் சரக்கு. நிலத்தடி நீர் அதைத் தொட்டு ஊறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வரும்.

கடற்கரை மணலில் நல்ல தண்ணீரே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியது சோழமண்டலக் கரை முழுவதும் இருந்த வழக்கம். மணலில் இறங்கும் மழைநீர், எடை கூடிய உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். டச்சு ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் 1880களின் இறுதியில் இதைக் கணக்கிட்டார். 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் அதே முடிவுக்கு வந்தார். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம்வரை நன்னீர் தாங்கி நிற்கும். பாடோன் கைபெனின் நாட்டவர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிக் குடியிருந்த பழவேற்காட்டு மணலும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தரும். மேலே ஒரு மீட்டர் இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது மீட்டர் மேலேறும். சிரட்டையால் மொண்டவரை வில்லை கலையவில்லை; மோட்டார் வந்தபோது கலைந்தது. ஏரிக்குத் தெற்கே மீஞ்சூர்ப் பகுதியில், பாசனத்துக்கும் சென்னை நகரத்துக்கும் ஆழ்குழாயில் இறைத்த நீரின் இடத்தைக் கடல் நிரப்பியது. உப்புநீர் பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் நுழைந்தது. அதே மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், 2010இல் கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை தொடங்கப்பட்டது. நிலத்தடியில் மழை இலவசமாகச் செய்துவந்த வேலையை இன்று மின்சாரம் செலவழித்துச் சவ்வு வழியே செய்கிறோம்.

கேன் தண்ணீரில் பருப்பு பூப்போல மசிவதும் இத்தகைய சவ்வால்தான். எதிர்ச்சவ்வூடுபரவல் சவ்வு இரண்டு கைக்காரர்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறது.

மாங்காய் பருப்பு, படிப்படியாக

இனி சமைப்போம். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் துவரம் பருப்பு, மூன்று டம்ளர் நல்ல தண்ணீர், நடுத்தரமான புளிப்பு மாங்காய் ஒன்று.

பருப்பு புதியதா என்று முதலில் பாருங்கள். அரிசி பழையதானால் நல்லது. பருப்பு பழையதானால் கேடு. பருப்பில் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது கால்சியத்தைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு பெக்டினை விடுவிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், பருப்பிலுள்ள நொதி பைட்டேட்டைச் சிதைத்துவிடும். அது பிடித்திருந்த கால்சியம் பெக்டினிடம் போய்ச் சேரும். முழுப் பயறுகளில் இந்தக் கோளாறு அதிகம். உடைத்த பருப்பிலும் ஓரளவு உண்டு. கடற்கரைக் காற்றின் ஈரமும் சூடும் இதற்கு ஏற்ற சூழல். நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிவைப்பது நல்லது.

கழுவ எந்தத் தண்ணீரானாலும் போகட்டும். ஊறவைப்பது நல்ல தண்ணீரில். அரைமணி ஊறினால் நீர் நடுவரை போய்ச்சேரும், சூடு சீராகப் பரவும்.

வேகவைக்கும் தண்ணீரில் மஞ்சள் தூளும், நாலு பல் பூண்டும், ஒரு சொட்டு விளக்கெண்ணெயும். பருப்பின் புரதமும் சபோனினும் கொதியில் நுரைத்துப் பொங்கும். எண்ணெய் அந்த நுரையின் மெல்லிய சுவரை உடைத்து அடக்கும். குக்கரின் ஆவித் துளை அடைபடாமல் காப்பதும் அதே சொட்டுதான்.

திறந்த சட்டியில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் சுமார் 120 டிகிரிவரை போகும். அந்த இருபது டிகிரியில் பெக்டின் உடையும் வேகம் பல மடங்காகிறது. சுமாரான தண்ணீரில்கூடக் குக்கர் பருப்பை ஒருவழியாக மசித்துக் கொடுத்துவிடும். கூடுதல் விசில்களுக்கு எரிவாயுவைக் கொடுக்க வேண்டியிருக்கும். சவுக்கு விறகிலும் சீமைக்கருவேலச் சுள்ளியிலும் சமைத்த காலத்தில் அந்த வித்தியாசம் புகையாகக் கண்ணில் எரிந்தது.

கடினநீரை முதலில் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் சரியாகுமா? உள்நாட்டுக் கிணறுகள் பலவற்றில் ஓரளவு ஆகும். அங்கே கால்சியம் பைகார்பனேட்டாக இருக்கிறது. கொதித்தால் வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். கடல் கலந்த நீரில் அது பெரும்பாலும் குளோரைடும் சல்பேட்டும். எவ்வளவு கொதித்தாலும் படியாது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு சீக்கிரம் மசியும், உண்மைதான். காரத்தன்மையில் பெக்டின் வேகமாக உடைகிறது. ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் சேர்ந்து அழியும். அவசரத்துக்கு ஒருநாள் போடலாம், வழக்கமாக்க வேண்டாம்.

பருப்பு விரலுக்கு மசிந்த பிறகே மாங்காய். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பெக்டின் உடையும் வினை அமிலத்தில் மந்தமாகிவிடும். மாங்காயின் புளிப்பு முன்பே சேர்ந்தால் நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீரைப் போல நடந்துகொள்ளும். சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுவதும் இதே காரணத்தால்தான். பருப்பை மத்தால் கடைந்து, மாங்காய்த் துண்டும் கீறிய பச்சை மிளகாயும் சேர்த்து, திறந்தபடி பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அமிலம் மாங்காயின் சொந்தப் பெக்டினையும் காப்பாற்றுவதால் துண்டு கரையாமல் உருவத்தோடு நிற்கும்.

உப்பை இப்போது போடுங்கள், தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்த பிறகு. இந்தக் கரையில் தண்ணீரே கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்திருக்கும். கருவாடும் தட்டுக்கு வரப்போகிறது.

கடைசியில் தாளிப்பு: நல்லெண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், நசுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பெருங்காயம். இவற்றின் மணப்பொருள்களில் பல எண்ணெயில் கரைபவை. நீரில் கரையத் தயங்குபவை. பருப்பில் நேராகப் போட்டால் ஒதுங்கி நிற்கும் மணம், சூடான எண்ணெயில் இறங்கி அதன்மேல் ஏறிச் சட்டி முழுக்கப் பரவுகிறது.

தட்டில் கூடுவது

நூறு கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான கந்தக அமினோ அமிலங்களை அரிசி ஈடுகட்டும். பருப்பின் இரும்புச்சத்தைப் பைட்டேட் பிடித்துவைத்து உடலில் சேரவிடாது. மாங்காயின் வைட்டமின் சி அந்தப் பிடியைத் தளர்த்தும். கொதியில் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பதால், மாங்காய் கடைசியில் சேர்வது இங்கேயும் நல்லதாகிறது. நெத்திலிக் கருவாடு இரும்பு உறிஞ்சப்படுவதற்கு மேலும் உதவும். பருப்பிலும் அரிசியிலும் இல்லாத பி12 வைட்டமினைக் கொண்டுவரும். முள்ளோடு மெல்வதால் எலும்புக்குக் கால்சியமும் தரும். சட்டியில் எதிரியாக இருந்த கால்சியம் தட்டில் உறவாகிவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் கருவாட்டை வெந்நீரில் நன்றாக அலசி, அளவாகத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

வரும்படி குறைந்த நாளில் ஒரு மீனவக் குடும்பம் கண்டுவைத்த சாப்பாடு இது. எந்தச் சத்துணவு அட்டவணைக்கு முன்னும் தலைநிமிர்ந்து நிற்கும். அதன் அடித்தளம் மசிந்த பருப்பு. பருப்பின் அடித்தளம் தண்ணீர். தண்ணீர் கெட்டால் முதலில் அடுப்பில் நேரம் கூடும், பிறகு எரிபொருள் கூடும், பிறகு பருப்பு சமைக்கும் நாட்களே குறையும். குழந்தையின் தட்டில் புரதம் குறைந்திருப்பதற்குக் காரணம் நிலத்தடியில் நகர்ந்த ஓர் உப்பு எல்லையாக இருக்கலாம். நீர்வளத் துறையின் வரைபடமும் அங்கன்வாடியின் எடைப் பதிவேடும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியவை என்று நான் நம்புகிறேன்.

ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே

பருப்பு வேகவைக்க மழைத்தண்ணீரைப் போன்ற தண்ணீர் கிடையாது. ஆவியாக மேலேறி வடிந்த நீரில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். ஐப்பசியில் அது கூரையிலிருந்து கொட்டுகிறது. அப்போது முகத்துவாரம் திறந்திருக்கும், ஏரியில் வரத்து இருக்கும், பருப்பின் அவசரம் இருக்காது. சித்திரையில் பருப்பு வேண்டும், மழை இருக்காது. நடுவே ஆறு மாதம்.

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த முயற்சி பெரும்பாலும் நீரை நிலத்துக்குள் இறக்குவதை நோக்கியது. மணல்மேட்டில் அது நன்னீர் வில்லையை உயர்த்தும், அவசியமான வேலை. ஆனால் அடியில் உப்பு ஏறிவிட்ட ஊரில் ஒரு பங்கைத் தொட்டியிலும் பிடித்துவைக்க வேண்டும்.

எவ்வளவு? இருபது சதுர மீட்டர் தளத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் இருபது லிட்டர். பருப்புக்கு மட்டும் நாளைக்கு ஒரு லிட்டர் என்றால், கோடையின் 120 நாளுக்கு 120 லிட்டர்; பிளாஸ்டிக் குடத்தில் எட்டுக் குடம். அதற்கு வேண்டியது ஆறு மில்லிமீட்டர் மழை, ஒரு நல்ல மழையின் கால்மணி நேரம். குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து நாளைக்கு இருபது லிட்டர் என்றாலும் 2,400 லிட்டர்; பன்னிரண்டு சென்டிமீட்டர் மழை. வடகிழக்குப் பருவம் இந்தக் கரைக்கு அதைப் போல் பல மடங்கு கொடுக்கிறது.

முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும். தொட்டியைக் கொசு புகாமல் வலைகட்டி மூட வேண்டும். ஓலைக் கூரை வீடுகளுக்கு இது ஆகாது. அந்த வீடுகளுக்காகப் பள்ளி, சமுதாயக் கூடம், கோயில், மசூதி, தேவாலயத் தளங்களின் நீரை ஊர்த் தொட்டியில் சேர்க்கலாம். பாட்டை முறைவைத்துப் பகிரத் தெரிந்த ஊர்களுக்குத் தண்ணீரைப் பகிர யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டி கட்டிக்கொடுப்பது மட்டும் அரசின் கையில் இருக்கிறது.

சமையல் புத்தகங்கள் தேவையான பொருட்களைப் பருப்பிலிருந்து தொடங்குகின்றன. இந்தக் கரையின் பெண்கள் அந்தப் பட்டியலை எப்போதும் குடத்திலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். சித்திரையில் ஒருத்தி மாங்காய் பருப்புக்கு உலை வைக்கும்போது, ஐப்பசியில் தன் வீட்டுக் கூரையில் விழுந்த எட்டுக் குடத்தில் ஒன்று அவள் கையருகே இருக்க வேண்டும்.